ஓங்கிலின் ஈரலும் நமது ஆறும்

கடலைக் கண்டறியாதார் பலர் வாழும் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஓங்கிலுக்காக வழக்காடுதல் வீண்வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அன்னார் திருமணிமுத்தாற்றின் கரையில் ஒருநாள் நடந்து பார்ப்பாராக. சேர்வராயன் மலையிற் பிறந்து, சேலம் நகரினூடே ஓடி, நாமக்கல் மாவட்டத்திற் காவிரியோடு கலக்கும் அவ்வாற்றில் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிநீரும் சேர்வதை மூக்கே அறிவிக்கும். சாயங்கள் சிலவற்றிற் செம்பும் குரோமியமும் உள. காவிரியோ பூம்புகாரிற் கடல் புகுவது. கோடையில் அதன் நீர் கடலை எட்டுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் வண்டலிற் படிந்தது வெள்ளம் வருங்கால் நகராதிராது. பாதரசத்துக்கு ஆறும் வேண்டுவதில்லை. நிலக்கரியில் அது சிறிதளவு உண்டு. மேட்டூர் அனல் மின் நிலையம் போன்றவற்றின் புகையோடு எழுந்து, காற்றின் வழியே நெடுந்தொலைவு செல்ல வல்லது.

"கடல் பெரிது, எதனையும் கரைத்துவிடும்" என்பாருண்டு. இதனை நாம் ஒப்போம். இலைதழை அழுகி ஒழியும், உலோகம் ஒழியாது. நீரடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அதனை ஏற்ற நுண்பாசியை உண்ணும் சிற்றுயிர், அதனை உண்ணும் சிறுமீன், அதனை விழுங்கும் பெருமீன் எனப் படிதோறும் நஞ்சின் செறிவு மிகுகின்றது. ஓங்கில் மீனுண்டு பல்லாண்டு வாழ்வது. ஆதலின் அதன் ஈரலிற் பாதரசமும் சிறுநீரகத்திற் காட்மியமும் வயதோடு ஏறுகின்றன. செலினியம் என்னும் தனிமம் ஈரலிற் பாதரசத்தோடு கூடி அதன் கொடுமையை ஓரளவு அடக்குவது படைத்தவர் வைத்த காவல் போலும். அக்காவலையும் மீறிக் கருவிலுள்ள குட்டிக்குத் தாய்வழியே நஞ்சு செல்லுகின்றது. கடற்புல் மேயும் ஆவுளியாவுக்கு இத்துன்பம் குறைவு.

மீனுண்ணும் மாந்தருக்கும் இதே கதிதான். ஜப்பான் தேசத்து மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டு கொடுநோய் வெளிப்பட்டது. பாதரசக் கழிவைக் கடலில் விட்ட தொழிற்சாலை 1968 வரை அதனை நிறுத்தவில்லை. பெரிய கடல்தான் அதுவும்!

2016 ஜனவரியில் மணப்பாட்டை அடுத்த கடற்கரையில் எண்பதுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. அதற்கு உலோகமே காரணமென்று சொல்ல நாம் துணியோம். நாம் கேட்பது, இறந்து ஒதுங்கும் உடல் ஒவ்வொன்றின் ஈரலும் சிறுநீரகமும் சோதிக்கப்பெற்று, கண்ட அளவு பொதுமக்கள் அறிய வெளிவர வேண்டும் என்பதே. கரையில் அது நடக்கட்டும். இங்கே, ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் திருமணிமுத்தாற்றுச் சேற்றை எடுத்து நம் இரசாயன மாணவர் சோதித்து, கிடைத்த எண்களை இம்மலரிலேயே அச்சிடலாம். சேறு சுமந்துவரத் தமிழ் மாணவராகிய நாங்கள் உடன் வருகிறோம்.