மதிப்பெண் போடுபவரே மனநல ஆலோசகரா?

முதல்வர் அலுவலகத்தை ஒட்டி ஓர் அறை. வாசலில் ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்று பலகை. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பதிவேடு. வருகிற மாணவர் பெயர், துறை, பதிவெண், வந்த காரணம் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் காலையில் அவருக்கு வகுப்பெடுத்தவர். மாதக் கடைசியில் அவருடைய இன்டர்னல் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றப் போகிறவரும் அவரே. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் நலன் என்பது இந்த ஏற்பாடுதான். அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் ஏன் நிரம்புவதில்லை என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தனிச் சட்டம் வரும்வரை இந்த நெறிகளே சட்டம். அதற்கு நான்கு மாதம் முன்னதாக, உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகளை ஆராய முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றையும் அதே நீதிமன்றம் அமைத்திருந்தது.

ஆகவே ஆலோசகர் வேண்டுமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. அவர் யாராக இருக்கக் கூடாது என்பதைத்தான் இனி முடிவு செய்ய வேண்டும். மாணவரின் மதிப்பெண், வருகைப் பதிவு, ஹால் டிக்கெட் ஆகிய மூன்றில் எதன் மீதும் அதிகாரம் உள்ள எவரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. தமிழ்நாடு அரசு இதை விதியாகவே எழுத வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடங்களுக்கு நூற்றுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல். 75 விழுக்காடு வருகை இல்லாதவர் துறைத் தலைவரின் மேஜைக்கும் அலுவலகத்துக்குமாக அலைய வேண்டும். நான்கு வாரமாகத் தூக்கமில்லை, வகுப்பில் உட்கார முடியவில்லை என்று ஒரு மாணவி சொல்ல நினைத்தால், யாரிடம் சொல்வது? வகுப்பு ஆலோசகரிடம் சொன்னால் அடுத்த கேள்வி, “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்பதாக இருக்கும். கெட்ட எண்ணத்தால் அல்ல. அவருக்கு வேறு வழி கற்றுத்தரப்படவில்லை.

ஆராய்ச்சி மாணவர்களின் நிலை இன்னும் இறுக்கமானது. பல்கலைக்கழகத் தேர்வை யாரோ ஒருவர் திருத்துவார். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கோ வழிகாட்டி ஒருவரின் கையெழுத்து இல்லாமல் நகர்வில்லை. 2023 மார்ச் இறுதியில் ஐஐடி மெட்ராஸில் ஆய்வு மாணவர் ஒருவர் இறந்தபின், ஓய்வுபெற்ற டிஜிபி ஜி. திலகவதி தலைமையில் அந்நிறுவனம் விசாரணைக் குழு அமைத்தது. வழிகாட்டிப் பேராசிரியர் பின்னர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாட்டின் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனத்திலேயே வெளியாள் ஒருவர் வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

வெளியாள் என்பதில்தான் சூட்சுமம். ராகிங் விவகாரத்தில் இந்த நாடு அதை ஓரளவு கற்றுக்கொண்டது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் புகார் அதே வளாகத்துக்குள்ளேயே சுற்றி வந்தது. 2009இல் யுஜிசி விதிமுறைகளோடு 1800-180-5522 என்ற உதவி எண் வந்தபோதுதான், விடுதிக் காப்பாளரையும் முதல்வரையும் தாண்டி வெளியே சொல்ல ஒரு கதவு திறந்தது. ராகிங் ஒழிந்துவிடவில்லை. ஆனால் புகாரை அமுக்குவது கடினமானது.

மாணவர் நலனில் அப்படியொரு கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. குறை என்னவோ காகிதத்தில் இல்லை. கல்லூரிகளுக்கான நாக் தர மதிப்பீட்டில் ஐந்தாவது அளவுகோல் முழுக்க மாணவர் ஆதரவுக்கானது. இத்தனை மாணவருக்கு ஒரு மென்டர் என்ற கணக்கும் கேட்கப்படுகிறது. குழு வருவதற்கு முந்தைய வாரம் மென்டர் டைரிகள் ஒரே நிற மையில் மளமளவென்று நிரம்பும் காட்சியை ஆசிரியர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

யார் இன்று கல்லூரிக்கு வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உயர்கல்வி சேர்க்கை விகிதத்தில் 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு 47 விழுக்காடு. இந்திய சராசரி 28.4. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று வாசலைத் திறந்துவிட்டதில் இந்த மாநிலத்துக்கு நியாயமான பெருமை உண்டு. வாசலைத் தாண்டி வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில், அரியர் என்றால் என்னவென்று விளக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லை. அவருடைய நெருக்கடி பல நேரம் மனநலம் என்ற பெயரோடு வருவதுமில்லை. ஆதார் வங்கிக் கணக்கோடு இணையவில்லை, அதனால் உதவித்தொகை வரவில்லை, அதனால் கட்டணம் கட்டவில்லை, அதனால் ஹால் டிக்கெட் நிறுத்தம். வங்கிக்குப் போனால் கல்லூரியில் கேள் என்பார்கள். கல்லூரியில் கேட்டால் வங்கிக்குப் போ என்பார்கள். இந்த அலைச்சலைத் தீர்த்து வைக்கும் சமூகப் பணியாளர் ஒருவர், பத்து ஊக்கவுரைக் கூட்டங்களைவிட மேலானவர்.

ஆசிரியருக்குத்தானே மாணவரைத் தெரியும் என்பது எதிர்வாதம். உண்மைதான். முகம் வாடியிருப்பதை முதலில் கவனிப்பவர் அவராகவே இருப்பார், இருக்கவும் வேண்டும். கவனித்து அனுப்பி வைப்பதோடு அவர் வேலை முடிய வேண்டும். தொகுப்பூதியத்தில் வாழும் கௌரவ விரிவுரையாளரின் தலையில் ஆலோசகர் பொறுப்பையும் கட்டுவது அவருக்கும் அநீதி, மாணவருக்கும் அநீதி.

பணமில்லை என்பது இன்னொரு வாதம். மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே இயங்குகிறது. எம்.எஸ்.டபிள்யூ, உளவியல் முதுகலைப் பட்டதாரிகளை ஆண்டுதோறும் இதே பல்கலைக்கழகங்கள்தான் வெளியே அனுப்புகின்றன. நூறுக்கும் குறைவான மாணவர் உள்ள சிறு கல்லூரிகளுக்கு, வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றமே வழி சொல்லியிருக்கிறது. மற்ற கல்லூரிகளில் ஆலோசகரின் சம்பளத்தையும் பணிநீட்டிப்பையும் முதல்வரின் கையில் விடாமல், பல்கலைக்கழகமோ உயர்கல்வித் துறையோ நேரடியாக ஏற்க வேண்டும். சம்பளம் தருபவருக்கு எதிராக மாணவர் பக்கம் பேசுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

பதிவேட்டில் பெயரும் காரணமும் எழுதும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். மாதம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை போதும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் பளிச்சென்று ஒட்டச் சொல்லி நீதிமன்ற நெறியே கூறுகிறது. எத்தனை விடுதிகளில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை உயர்கல்வித் துறை ஒரு வாரத்தில் எண்ணிவிடலாம்.

இணைப்பு நீட்டிப்புக்காகப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு கல்லூரிக்குள் வரும்போது நூலகப் புத்தகங்களை எண்ணுகிறது, ஆய்வகக் கருவிகளைச் சரிபார்க்கிறது, வகுப்பறையை அளக்கிறது. அடுத்த கல்வியாண்டு முதல் அதே படிவத்தில் ஆலோசகரின் கல்வித் தகுதி, அவருக்குச் சம்பளம் தருவது யார், அவர் பாடம் நடத்துகிறாரா என்ற மூன்று கேள்விகளைச் சேர்க்க வேண்டும். மூன்றாவதற்கு ‘ஆம்’ என்று பதில் எழுதும் கல்லூரிக்கு இணைப்பை நீட்டிக்கக் கூடாது.