மானுக்கு எதை நடுவது? மழை பொய்த்த ஆண்டைக் கேளுங்கள்

மாணவர்களே, நம் வீட்டுக் குழம்பில் போடும் மொச்சையை மான் தின்பதற்கென்றே ஏக்கர் கணக்கில் விதைக்கும் ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம்தான் அது. மொச்சைக்கு அங்கே ‘லாப்லாப்’ என்று பெயர். அதனுடன் காராமணியும் விதைக்கப்படுகிறது. நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பயற்றங்காயும் காராமணியும் ஒரே சிற்றினம்தான்.

டெக்சஸில் ஏறத்தாழ 50 லட்சம் வெள்ளைவால் மான்கள் உள்ளன. நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தனியாருக்குச் சொந்தம். வேட்டைப் பருவத்தில் உரிமம் பெற்றவர்கள் நில உரிமையாளருக்குப் பணம் கொடுத்து வேட்டையாடுகிறார்கள். அதனால் தம் நிலத்தில் மான்கள் கொழுத்து நிற்க வேண்டும் என்று உரிமையாளர்கள் தீவன வயல் அமைக்கிறார்கள். மழை நன்றாகப் பெய்யும் கிழக்குப் பகுதியில் இந்த முறை பலன் தருகிறது. வறண்ட தெற்கிலும் மேற்கிலும் அதே விதைகளைத் தூவுவது சரியா என்பதுதான் கேள்வி.

சரியல்ல என்பது என் கருத்து. வறண்ட நிலத்தில் ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கும்போது, நல்ல மழை பெய்த ஆண்டில் அது எவ்வளவு விளையும் என்று பார்க்கக்கூடாது. மழை பொய்த்த ஆண்டில் அதில் என்ன மிஞ்சும் என்றுதான் பார்க்க வேண்டும்.

மானின் வயிறு கேட்பது என்ன?

மானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்குதான். ஆனால் அதன் முதல் இரைப்பை, உடல் அளவோடு ஒப்பிட்டால் சிறியது. முற்றிய புல்லை நெடுநேரம் ஊறவைத்துச் செரிக்க அதனால் முடியாது. எனவே எளிதில் செரிக்கும் இளந்தளிர், புதர்களின் இலை, அகன்ற இலைச் சிறுசெடிகள், காய்கள் ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும். புல் அதன் உணவில் மிகச் சிறிய பங்கு.

கோடைக்காலத்தில்தான் மானுக்கு உணவுத் தேவை உச்சத்தில் இருக்கும். பெண்மான் குட்டிக்குப் பால் கொடுப்பதும் ஆண்மானுக்குக் கொம்பு வளர்வதும் அப்போதுதான். இதற்கு உணவில் சுமார் 16 விழுக்காடு புரதம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மொச்சை, காராமணி இலைகளில் இதைவிட அதிகம் உண்டு. அவை பயறு இனம் என்பதால், வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறது. நைட்ரஜன் இருந்தால் புரதம் கிடைக்கும். ஆகவே இந்தப் பயிர்களை நடுபவர்கள் அறியாமையால் நடவில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மான் கடித்த பிறகும் தாங்கி வளரும் ‘ரியோ வெர்டே’ என்ற லாப்லாப் ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு

ஆனால் செடி வளர நீர் வேண்டுமே! ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டருக்கு 10,000 லிட்டர். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. தெற்கு டெக்சஸின் லரேடோ நகரில் கிடைப்பது சுமார் 500. மேற்கு மூலையில் உள்ள எல் பாசோவில் 250கூட இல்லை.

அந்த மழையும் சீராக வருவதில்லை. தெற்கு டெக்சஸில் மே, ஜூன் மாதங்களிலும் பிறகு செப்டம்பரிலும் மழை கூடும். இடையில் வரும் ஜூலையும் ஆகஸ்ட்டும் கொதிக்கும். தாய்மானுக்கு இலை அதிகம் தேவைப்படும் வாரங்களில்தான் வயல் வாடி நிற்கும். சிறிய வயல் என்றால் அதுவரைகூடத் தாங்காது. பயறுச் செடி முளைத்து இரண்டு மூன்று இலை விடும்போதே மான்கள் வந்து மேய்ந்துவிடும். அதைத் தடுக்க வேலி போட வேண்டும். உழவு, விதை, வேலி எல்லாவற்றுக்கும் செலவு செய்த பிறகு மழை வராவிட்டால் மிஞ்சுவது வெறும் மண்.

2011-இல் டெக்சஸ் தன் வரலாற்றிலேயே மிகக் கடுமையான ஓராண்டு வறட்சியைச் சந்தித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் மொச்சை விதையின் தரம் எவ்வளவு உயர்ந்தது என்று பேசிப் பயன் இல்லை.

வறட்சி தாங்கினால் மட்டும் போதுமா?

“அப்படியானால் வறட்சியைத் தாங்கும் செடியை நட்டுவிடலாமே” என்று நீங்கள் சொல்லலாம். அவசரப்பட வேண்டாம். நம் முன்னோர் கொழுக்கட்டைப்புல் என்று அழைத்த புல்லை 1940-களில் மாடுகளுக்காகத் தெற்கு டெக்சஸில் விதைக்கத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்ந்த அந்தப் புல் வறட்சியை அருமையாகத் தாங்கியது. அதுவே தொல்லையாகிவிட்டது. விதைத்த இடத்தைத் தாண்டிப் பரவி, மண்ணை அடர்த்தியாக மூடி, மான் விரும்பும் சிறுசெடிகளை நெருக்கித் தள்ளியது. இன்று பல இடங்களில் அதை ஒழிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

ஆகவே ஒரு செடியிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மானால் அதைத் தின்று செரிக்க முடியுமா? மழை இல்லாத ஆண்டிலும் நிற்குமா? பக்கத்துச் செடிகளை வாழவிடுமா? மொச்சை முதல் கேள்வியிலும் மூன்றாம் கேள்வியிலும் தேறுகிறது, இரண்டாவதில் தவறுகிறது. கொழுக்கட்டைப்புல் இரண்டாவதில் மட்டும் தேறுகிறது.

மூன்றிலும் தேறுபவை எவை?

அங்கேயே காலங்காலமாக வளர்ந்துவரும் புதர்கள்தான். ‘கிரான்ஹேனோ’ என்ற முட்புதரின் இலையையும் பழத்தையும் மான் தின்கிறது. ‘வஹீயோ’ என்ற புதர், நம் கருவேல மரத்துக்கு உறவு. இவற்றின் வேர் ஆழமாக இறங்குவதால், மேல்மண் காய்ந்த பிறகும் இலை நிற்கும். சப்பாத்திக்கள்ளி இன்னும் கெட்டி. பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கார்பன் டைஆக்சைடைச் சேமித்துக்கொள்ளும் செடி அது. அதில் புரதம் குறைவு; ஆனால் உடல் முழுக்க நீர். வறட்சிக் காலத்தில் மானுக்கு உணவும் தண்ணீரும் அதிலிருந்தே கிடைக்கின்றன.

வேதனை என்னவென்றால், தீவன வயலுக்கு இடம் வேண்டும் என்று சில நேரங்களில் இந்தப் புதர்களையே வெட்டிச் சாய்க்கிறார்கள். குட்டி ஒளிந்துகொள்ளும் நிழலும் அதோடு போய்விடுகிறது.

வயலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே வெட்டவெளியாகக் கிடக்கும் நிலத்தில் போடலாம். தொட்டாற்சுருங்கிக்கு உறவான ‘பண்டில்ஃபிளவர்’ போன்ற உள்ளூர்ப் பயறு இனச் செடிகள் ஒருமுறை வேரூன்றினால் பல ஆண்டு நிற்கும். இலையுதிர்காலத்தில் ஓட்ஸ் விதைக்கலாம். குளிர் மாதங்களில் ஆவியாதல் குறைவு. அதே அளவு மழை மண்ணில் அதிக நாள் தங்கும். மொச்சையும் காராமணியும் வேண்டுமா? நல்ல மழை பெய்து மண் நனைந்த ஆண்டில் விதைக்கட்டும். அது கூடுதல் விருந்தாக இருக்கலாம். மான் அதையே நம்பி வாழும் நிலை வரக்கூடாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எதை நட்டாலும், தின்னும் வாய்கள் நிலம் தாங்கும் அளவைவிடக் கூடிவிட்டால் பச்சை மிஞ்சாது. ஓநாய்கள் டெக்சஸில் இப்போது இல்லை. மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் உரிமம் பெற்ற வேட்டைதான். தீவனம் போட்டு மான்களைப் பெருக்கிவிட்டு, பிறகு புதர்கள் மொட்டையாகின்றன என்று வருந்துவதில் பொருளில்லை. ஒரே இடத்தில் மான்கள் கூட்டமாகக் கூடினால் நோய் பரவும் ஆபத்தும் கூடுகிறது. மான்களின் மூளையை அழிக்கும் நலிவு நோய் 2012 முதல் டெக்சஸிலும் காணப்படுகிறது.

நமக்கு மழைக்குப் பஞ்சமில்லை. அதனால் விதைத்ததெல்லாம் முளைக்கும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். அடுத்த முறை பள்ளித் தோட்டத்தில் எதையாவது நடும்போது, விதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் தின்னப்போகிறார்கள், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத பள்ளி விடுமுறையில் அது தாங்குமா, பக்கத்துப் பாத்தியை என்ன செய்யும் என்று மூன்றையும் கேட்டுவிட்டு நடுங்கள்.