புதைக்கப்பட்டது விளையாட்டு மட்டுமா?

மட்டமான ஒரு விளையாட்டே அமெரிக்க வீடியோ விளையாட்டு நிறுவனமான அட்டாரியை வீழ்த்தியது என்று கதை சொல்வோர் உளர். நாம் அதனை மறுக்கின்றோம்.

1976இல் வார்னர் நிறுவனம் 2.8 கோடி டொலருக்கு அட்டாரியை வாங்கியது. விளையாட்டுக்கள் பொருள் குவித்தன. ஆக்கியோரின் பெயரோ பெட்டியில் இல்லை. மனங்கசந்த நால்வர் வெளியேறி, 1979இல் அக்டிவிசன் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டனர். 1982 நத்தார்ச் சந்தையைப் பிடிக்கும் பேராசையில் 'ஈ.ரி.' விளையாட்டு ஏறத்தாழ 5 வாரங்களில் ஆக்குவிக்கப்பட்டது. சரக்குத் தேங்கியது. 1983இல் நட்டம் 50 கோடி டொலரைத் தாண்டியது. உற்பத்தி ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றப்பட, அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேர் வேலையிழந்தனர். விற்காத சரக்கு நியூ மெக்சிக்கோ மண்ணிற் புதைக்கப்பட்டது. 1984இல் நிறுவனமே கூறுபட்டு விலைபோயிற்று.

பேராசை யாருடையது? தண்டனை யாருக்கு?

திருகோணமலைத் துறைமுகம் இவ்வினாவை நன்கறியும். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தமை நியாயமே. ஆயினும், எங்கோ இருப்போரின் தீர்மானத்திற் தொங்கும் பிழைப்பு எத்துணை நிலையற்றது என்பதை இந்நகர் அன்றே கண்டது. இன்று கணினித் தொழிலை நாடும் இந்நகர் மாணவர்க்கு ஆசிரியர்கள் நிரல் எழுதக் கற்பிக்கட்டும். கூடவே தொழிற்சங்கத்தின் தேவையையும் கற்பிக்கட்டும். இலாபத்தைப் பங்கிடாதோர் நட்டத்தை மட்டும் தொழிலாளர் தலையில் ஏற்றுவதை நாம் ஏற்கலாமா?