கச்சேரியை எடைபோட்ட ரசிகர்கள்

1977 மே 8 அன்று, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் ராக் குழு வாசித்ததுதான் அதன் ஆகச் சிறந்த கச்சேரி என்பது ரசிகர்களில் ஒரு சாராரின் கட்சி. முந்தைய நாள் பாஸ்டனிலும் மறுநாள் பஃபலோவிலும் வாசித்தது இதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்பது எதிர்க்கட்சி. 1972 ஐரோப்பியப் பயணத்துக்கு ஈடு இணையே இல்லை என்னும் மூன்றாவது அணியும் உண்டு. அரை நூற்றாண்டு நெருங்கியும் வழக்கு முடியவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் பித்தாகத் தெரியலாம். ஆனால், பத்திரிகை விமர்சனத்தால் செய்ய முடியாத வேலையை ‘டெட்ஹெட்ஸ்’ எனப்படும் இந்த ரசிகர்கள்தான் செய்தார்கள்.

ஆல்பத்தில் அடங்காத குழு

ராக் விமர்சனம் ஆல்பத்தை நம்பியே வளர்ந்தது. புது ரெக்கார்டு வரும், விமர்சகர் கேட்பார், மதிப்பெண் போடுவார். 1970இல் வெளியான ‘வொர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ இரண்டும் அருமையான ஆல்பங்கள்தான் என்றாலும், குழுவின் உயிர் மேடையில் இருந்தது. ‘டார்க் ஸ்டார்’ 1968இல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மறு ஆண்டு ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் மேடைப் பதிவாக வந்தபோது ஏறத்தாழ 23 நிமிடம். பாடல் வரிசையும் இரவுக்கு இரவு மாறியது. 1965 முதல், குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா மறைந்த 1995 வரை 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள். எந்த விமர்சகரால் பின்தொடர முடியும்?

ரசிகர்களால் முடிந்தது. மைக்கும் ரெக்கார்டருமாக வந்தவர்களுக்கு 1984இல் குழுவே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. டேப்பை விற்கக் கூடாது, பரிமாறிக்கொள்ளலாம் என்பது கட்டுப்பாடு. டேப் பரிமாறுவோருக்காக 1974இல் தொடங்கிய செய்தி மடல்தான் பின்னாளில் ‘ரெலிக்ஸ்’ பத்திரிகையானது. எந்தத் தேதியில், எந்த ஊரில், என்னென்ன வாசித்தார்கள் என்று தொகுத்த ‘டெட்பேஸ்’ 1987இல் புத்தகமாக வந்தது. அதனால், ஒருவர் தேதியைச் சொல்லி வாதிட்டால் இன்னொருவர் டேப்பைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

பார்ட்டன் ஹால் கச்சேரியின் இரண்டாம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாடி முடித்த பின்னும் வாசிப்பு ஓயவில்லை. தாளம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, அதற்குள்ளிருந்தே இரண்டு ஸ்வரக் கூட்டுகளில் (கார்டு) சுழலும் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ எழுகிறது. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கும் மேல். இரண்டாவது பாட்டு மேடையேறி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த இடத்தில் முதல் பாட்டு கரைந்தது, முதலில் திரும்பியது பாஸா, கார்சியாவின் கிட்டாரா என்று ரசிகர்கள் வாதிடுகிறார்களே, அது முதல்தரமான இசை விமர்சனம்.

நல்ல டேப்பா, நல்ல கச்சேரியா?

இந்தத் தீர்ப்புகளிலும் ஒரு கோணல் உண்டு. பார்ட்டன் ஹாலின் புகழுக்கு வாசிப்பு மட்டும் காரணமல்ல. ஒலிப் பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சனின் பதிவு அவ்வளவு தெளிவாக இருந்தது. 1986இல் ஏலத்துக்குப் போன அவருடைய டேப்புகள், பலர் கைமாறி ரசிகர்களிடம் பரவின. அந்தத் தரத்தில் பதிவாகாத இரவுகள் பின்தங்கிப்போயின. ஒலியின் துல்லியத்தை வாசிப்பின் உயர்வாக எண்ணிவிடுவது, தேர்ந்த காதுகளுக்கும் நேரக்கூடிய பிழை.

அந்தப் பிழையைத் திருத்துபவர்களும் ரசிகர்களே. டேப் சேர்க்கும் ரசிகராக இருந்து குழுவின் ஆவணக் காப்பாளரான டிக் லட்வாலா, 1993இல் ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையைத் தொடங்கி, மறக்கப்பட்டிருக்கக்கூடிய கச்சேரிகளை வெளிக்கொண்டுவந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தனது 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் பார்ட்டன் ஹால் பதிவைச் சேர்த்தபோது, அது முறைப்படி வெளியாகியிருக்கவே இல்லை. ரசிகர்களின் மதிப்பீட்டைத்தான் நூலகம் வழிமொழிந்தது.

முறையான வெளியீடு 2017இல் வந்தது. நியூ ஹேவன், பாஸ்டன், பஃபலோ இரவுகளும் அதே தொகுப்பில் இடம்பெற்றன. நான்கையும் பதிவு செய்தவர் கேன்டர்-ஜாக்சன்தான். ஆகவே, இனி வாசிப்பை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிடலாம். பிரென்ட் மிட்லண்ட் கீபோர்டு வாசித்த எண்பதுகளின் கச்சேரிகளுக்கும் அதே நியாயம் கிடைக்க வேண்டும். எழுபதுகளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்பவர்கள், அந்த டேப்புகளைக் கேட்டுவிட்டு வாதத்துக்கு வரட்டும்.