மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?

1/
பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். பிரான்ஸ், சிங்கப்பூர், துபாய், குவைத்னு எங்கெங்கேயோ இருக்கிற மாப்பிள்ளைகள் டிக்கெட் போட்டு முடிச்சிருப்பீங்க. இங்கே மாமியார் வீடுகள்ல வெள்ளையடிச்சு, நண்டு இறாலுக்குச் சொல்லி வெச்சிருப்பாங்க. நான் மரக்காணம் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். உங்கள்ல யாரையும் கேஷுவாலிட்டியில பார்க்க எனக்கு விருப்பம் இல்ல. அதுக்குத்தான் இந்த நீளமான த்ரெட். கோபம் வந்தா முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.

2/
சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. பண்டிகை நாள்ல எங்ககிட்ட வர்ற பல சாவுகள்ல, ஆபத்து இருக்குன்னு பக்கத்துல ஒருத்தருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் சொல்லியிருக்க மாட்டாங்க. கேட்டா ஒரே பதில்: "மாப்பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?" இந்த வாய்மூடலுக்கு நாம வெச்சிருக்கிற பேரு மரியாதை. அந்த மரியாதை ஆளைக் கொல்லுதுன்னு நான் சொல்றேன்.

3/
அடையாளங்களை மாத்திச் சொல்றேன். ஒரு காணும் பொங்கல் மதியம். முப்பது வயசு சொச்சம். வெளிநாட்டுல வேலை. தலைப்பொங்கலுக்கு மாமனார் வீடு வந்தவர். ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. தலை முடியில மணல், உடம்பு சில்லுனு இருந்துச்சு. நாங்க பார்க்கும்போதே நேரம் கடந்து போயிருந்துச்சு. ஆனாலும் சிபிஆர் கொடுத்தோம். வெளியே அந்தப் பொண்ணு நின்னுட்டு இருக்கு, கையில மருதாணி கூட அழியல. கொடுக்காம எப்படி இருக்க முடியும்?

4/
மாமனார் உப்பளத் தொழிலாளி. மழைக்காலம் முழுக்க உப்பளத்துல வேலை இருக்காது. ஜனவரியில அப்பதான் பாத்தியைச் சரி பண்ண ஆரம்பிச்சிருப்பாங்க, கையில காசு இருக்காது. முன்பணம் வாங்கி மாப்பிள்ளைக்கு விருந்து வெச்சிருக்கார். பாட்டிலும் அவர்தான் வாங்கிக் கொடுத்திருக்கார். அவர் என்கிட்ட சொன்னது: "தண்ணி சரியில்லைன்னு தெரியும்மா. காலையிலயே பார்த்தேன். அவர் ஆசையாக் கிளம்பினாரு. மாப்பிள்ளைகிட்ட எப்படிம்மா சொல்றது?"

5/
அவர் பார்த்தது என்னன்னு நீங்களும் தெரிஞ்சுக்கணும். அலை வரிசையா உடையுற கரையில, நடுவுல ஒரு இடம் மட்டும் உடையாம அமைதியா இருக்கும். ரெண்டு பக்கமும் நுரை, நடுவுல கலங்கின தண்ணி. புதுசா வர்றவருக்கு அந்த இடம்தான் பாதுகாப்பாத் தெரியும். குழந்தையைக் கூட அங்கேதான் இறக்குவாங்க. உண்மையில, கரைக்கு வந்த தண்ணியெல்லாம் திரும்பக் கடலுக்குள்ள ஓடுற வழி அது. இடுப்பளவு தண்ணியில நிக்கிற ஆளையே உள்ளே இழுத்துட்டுப் போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க கூட அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தப் பார்த்துக் களைச்சுப் போய்தான் மூழ்குறாங்க.

6/
மாட்டிக்கிட்டா கரையை நோக்கி நீந்தாதீங்க. மிதங்க. இழுப்புக்குக் குறுக்கே, கரைக்கு இணையா நகர்ந்து வெளியே வந்து, அலை உடையுற இடத்துல திரும்புங்க. கரையில இருக்கிறவங்க பின்னாடியே குதிக்காதீங்க. காப்பாத்தப் போனவரும் சேர்ந்து போன கதை நிறைய உண்டு. காலி கேன், கயிறு, முடிச்சுப் போட்ட சேலை, எது கிடைச்சாலும் வீசுங்க, குப்பத்து ஆட்களைக் கூப்பிடுங்க. குடிச்சிருந்தா இதுல எதுவுமே ஞாபகம் வராது. அதனால குடிச்சவங்க கடல்ல காலே வைக்கக் கூடாது.

7/
வெளியே எடுத்ததும் தலைகீழாத் தூக்கிச் சுத்தாதீங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. வயித்துல இருக்கிறது மேலே வந்து நுரையீரலுக்குள்ள போகும். மூச்சு இல்லைன்னா மல்லாக்கப் படுக்க வெச்சு, தலையை லேசாச் சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சு, வாயில வாய் வெச்சு 5 தடவை ஊதுங்க. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. நான் சொன்ன அந்தக் கேஸ்ல வயித்தை அமுக்குறதுலயும் வண்டி தேடுறதுலயும்தான் நேரம் போச்சு.

8/
"நீங்க டாக்டர், ஈஸியாச் சொல்லுவீங்க"ன்னு கமெண்ட் வரும். இல்லைங்க. நானும் சொல்லல.
ரெண்டு வருஷம் முன்னாடி எங்க அக்கா வீட்டுக்காரர் லீவுல வந்திருந்தார். புதுச்சேரியில சொந்தக்காரங்க கல்யாணம். ராத்திரி விருந்துல நல்லாவே குடிச்சார். "நானே ஓட்டுறேன்"னு சாவியை எடுத்தார். பின் சீட்ல நான், என் அக்கா, ரெண்டு குழந்தைங்க. அதுக்கு முந்தின வாரம்தான் அதே ஈசிஆர் விபத்துல வந்த ஒரு பையனுக்கு டியூப் போட்டு ரெஃபர் பண்ணியிருந்தேன். அப்படியும் வாயைத் திறக்கல.

9/
ஏன்? ஆஸ்பத்திரியில நான் மேடம். வீட்டுல நான் கொழுந்தியா, சின்னப் பொண்ணு. அத்தான் முகம் சுருங்கினா அப்பாவுக்குச் சங்கடம், அக்காவுக்கு ஒரு மாசத்துக்குப் பேச்சு. மரக்காணம் வர்ற வரைக்கும் முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். ஒண்ணும் ஆகல. ஆகாததுக்கு என் படிப்பும் காரணம் இல்ல, என் சாமியும் காரணம் இல்ல. எதிர்ல லாரி வரல, அவ்வளவுதான். இதை எழுதவே வெட்கமா இருக்கு. ஆனா இதை மறைச்சுட்டு உங்களுக்கு அட்வைஸ் பண்றது அதைவிட அசிங்கம்.

10/
மாப்பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. பாரிஸ்ல சீட் பெல்ட் போடாம வண்டி எடுப்பீங்களா? குவைத்ல குடிச்சுட்டு ஓட்டுவீங்களா? மாட்டீங்க. அங்கே சட்டத்துக்குப் பயம். இங்கேயும் சட்டம் இருக்கு: 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை ஜெயில். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஆனா ஏர்போர்ட்ல இறங்கினதும் "நம்ம ஊருதானே"ன்னு எல்லாம் கழண்டுடுது.

11/
"நம்ம ஊரு" உங்க உடம்புக்குத் தெரியாது. பிரான்ஸ்ல இருந்து நேத்து இறங்கினவர் காலை 6 மணிக்கு ஈசிஆர்ல கார் ஓட்டினா, அவர் உடம்புக்கு மணி ராத்திரி 1:30. அதுவும் வருஷக்கணக்கா ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டிப் பழகின கை. திரும்புற இடத்துல கண்ணு தப்பான பக்கம்தான் முதல்ல பார்க்கும். முதல் ரெண்டு நாள் சாவியைத் தொடாதீங்க. மச்சான் ஓட்டட்டும், குடிக்காத மச்சான்.

12/
பயண மருத்துவத்துல சொந்தங்களைப் பார்க்க ஊருக்கு வர்ற பயணிகளைத் தனிப் பிரிவாவே வெச்சிருக்காங்க. காரணம், ஹோட்டல்ல தங்குற டூரிஸ்ட் ஊசி போட்டுட்டு வருவார், தண்ணியைப் பார்த்துக் குடிப்பார், புது ஊருன்னு பயப்படுவார். சொந்த ஊருக்கு வர்றவர் இது எதையும் செய்ய மாட்டார். குழந்தைக்கு டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ தடுப்பூசி போட்டாச்சான்னு கேட்டா "எங்க அம்மா வீட்டுக்குத்தானே டாக்டர் போறோம்"னு பதில் வரும். பாசம் இருக்கிற இடத்துல பயம் இருக்காது. கிருமிக்கு அந்தப் பாசம் கிடையாது.

13/
இன்னொரு ஆபத்தான ஆசை: "ஃபாரின் சரக்கு அலுத்துப் போச்சு, நம்ம ஊரு சரக்கு கிடைக்குமா மச்சான்?"
இதை மரக்காணத்துல கேட்காதீங்க. 2023 மே மாசம் எக்கியார்குப்பத்துல என்ன நடந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துல மரக்காணம் பக்கம் மட்டும் 14 பேர் போனாங்க. செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தா 20 பேருக்கு மேல. அடுத்த வருஷமே, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 பேருக்கு மேல.

14/
மெத்தனாலை வாசனையிலயோ ருசியிலயோ கண்டுபிடிக்க முடியாது. குடிச்ச உடனே ஒண்ணும் தெரியாது. உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாற மணிக்கணக்காகும், சிலருக்கு ஒரு நாள் கூட ஆகும். அதுக்கப்புறம்தான் வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்குறது, கண்ணு மங்குறது. "ஹேங் ஓவர், தூங்கினா சரியாப் போகும்"னு படுக்க வெப்பாங்க. அந்தத் தூக்கத்துலயே கண்ணு போகும், உயிரும் போகும். சீக்கிரம் வந்தா மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. என்ன குடிச்சீங்கன்னு உண்மையைச் சொல்லுங்க. நான் போலீஸ் இல்ல.

15/
இது தமிழன் பிரச்சினை மட்டும்னு நினைச்சேன். என்கூடப் படிச்ச ஒருத்தன் அமெரிக்காவுல, டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த குடும்பத்துல பெண் எடுத்திருக்கான். பண்டிகைக்கு மாமனார் ஊருக்குப் போனா இதே கதையாம். ரம், கடற்கரை, ஹெல்மெட் இல்லாத பைக், மாமனார் ஊத்திக் கொடுத்தா மறுக்க முடியாது. "நம்ம விழுப்புரம் மாமாவையே ஸ்பானிஷ் பேச விட்ட மாதிரி இருக்குடா"ன்னு எழுதியிருந்தான். 2020ல அங்கேயும் மெத்தனால் கலந்த சாராயத்துல நூறு பேருக்கு மேல செத்திருக்காங்க.

16/
ஆனா அங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது. ஈஸ்டர் வாரம் வந்தா அந்த நாட்டு அவசரகால மையம் நெடுஞ்சாலையிலயும் கடற்கரையிலயும் ஆயிரக்கணக்கான ஆட்களை நிறுத்துது. தினமும் அறிக்கை விடுது: விபத்துல எத்தனை பேர், தண்ணியில எத்தனை பேர், குடிச்சு மயங்கினது எத்தனை பேர், அதுல சின்னப் பசங்க எத்தனை பேர். அதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல. சாலை விபத்துச் சாவுல உலகத்துல மோசமான நாடுகள்ல அதுவும் ஒண்ணு. ஆனா பண்டிகையில ஆள் சாகுறதை விதின்னு விடாம, எண்ணி வெளியே சொல்றாங்க.

17/
இங்கேயும் அரசு செய்ய வேண்டியது இருக்கு. காணும் பொங்கல்னா மெரினாவுல தடுப்புக் கட்டிக் குளிக்க விடாம பார்த்துக்கிறாங்க. எங்க பக்கத்துக் குப்பங்களுக்கும் மக்கள் வர்றாங்க; எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளரும் இங்கேயும் வேணும். செய்ததையும் சொல்லணும்: 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர்ல பக்கத்துல மேல்மருவத்தூர்லதான் தொடங்குச்சு. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துன்னா முதல் 48 மணி நேரம் திட்டத்துல சேர்ந்த மருத்துவமனைகள்ல இலவச சிகிச்சை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிற மாப்பிள்ளைக்கும்தான். ஆனா அரசாங்கம் உங்க வீட்டுக் கூடத்துக்கு வந்து மாமனார் கையில இருக்கிற பாட்டிலைப் பிடுங்காது.

18/
"வருஷத்துல ஒரு நாள்தானே டாக்டர்." அந்த ஒரு நாளுக்காகத்தான் எழுதுறேன். மத்த நாள்ல அவர் ஒழுங்காத்தான் இருக்கார்.
"வந்தவங்க மனசு கோணக் கூடாது." கோணட்டும். ரெண்டு நாள்ல நிமிரும்.
"எங்க வழக்கம் இது." கடலுக்குப் போற குடும்பத்துல போய்க் கேளுங்க. தண்ணி சரியில்லைன்னா அன்னைக்குப் படகு இறங்காது. ஊருக்குப் பெரியவரே ஆனாலும் இறங்காது. அதுவும் நம்ம வழக்கம்தான்.

19/
மாமனார் மாமியாருக்கு: தடுக்குற மாதிரி சொல்லக் கூச்சமா இருந்தா இப்படிச் சொல்லுங்க. "மாப்பிள்ளை, இன்னைக்குத் தண்ணி சரியில்ல. காலை நனைச்சுட்டு வந்துடலாம்." "சாவி என்கிட்ட இருக்கட்டும், காலையில போலாம்." ஹெல்மெட்டைக் கேட்காமலே கையில கொடுங்க. பாட்டில் வாங்குற காசுல ரெண்டு ஹெல்மெட் வாங்கலாம்.
பெண்களுக்கு: "நீ சும்மா இரு"ன்னு யார் சொன்னாலும் சும்மா இருக்காதீங்க. நான் இருந்தேன், அதான் சொல்றேன்.

20/
மாப்பிள்ளைகளே, கடைசியா உங்களுக்கு. அந்த வீட்டுல உங்களை எதிர்த்துப் பேச ஆள் இல்ல. அதனால முதல் பேச்சு உங்க வாயில இருந்துதான் வரணும். போய் இறங்கின அன்னைக்கே சொல்லிடுங்க: "மாமா, எனக்கு ஊத்த வேணாம். கடல்ல இறங்கலாமான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் இறங்குறேன்." இதைச் சொன்னா உங்க கெத்து குறையாது. அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய பாரம் இறங்கும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இறக்கி வைக்க முடியாம, மருத்துவமனை வாசல்ல உட்கார்ந்திருந்த ஒருத்தரை நான் பார்த்திருக்கேன்.

21/
இந்தப் பொங்கலுக்கும் எங்க அத்தான் வர்றார். போன ஞாயித்துக்கிழமை நானே போன் பண்ணி, ரெண்டு வருஷமா மனசுல வெச்சிருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ம்மா"ன்னார்.
சொல்லியிருக்கலாம். நீங்க இன்னைக்கே சொல்லிடுங்க. உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இந்தத் த்ரெட்டைப் போட்டு, "டாக்டர் சொல்றாங்க"ன்னு பழியை என் மேல போட்டுடுங்க. நான் வாங்கிக்கிறேன்.
பொங்கல் வாழ்த்துகள். ஆம்புலன்ஸுக்கு 108.