அழுத்த அளவை வெளியிடச் சொல்லுங்கள்

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: வேளாண் கருவிகள், செல்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். பழுதுநீக்கக் குறியீடு பற்றிய அறிக்கை 2025 மே மாதம் வந்தது. அது செல்பேசி, மின்னணுச் சாதனங்களோடு நின்றுவிட்டது. குழுவின் பட்டியலில் டிராக்டருக்கும் கைபேசிக்கும் கிடைத்த இடம் அவுட்போர்டு என்னும் படகு எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை. இந்த உரிமையை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். அவுட்போர்டையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. சேர்க்கும்போது முதலில் வாங்க வேண்டியவை எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அழுத்த அளவுகள். உதிரிபாகத்தைக்கூட அடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

ஏன் என்று பாருங்கள். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சின் நம் பட்டறைக்கு வருகிறது. டெல்டேல், அதாவது எஞ்சினிலிருந்து வெளியே பீய்ச்சும் தண்ணீர், மெலிந்துவிட்டது என்கிறார் படகுக்காரர். தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றுகிறோம். தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, அனுப்பிவிடுகிறோம். சில வாரத்தில் ஹெட் கேஸ்கட் போய் அதே எஞ்சின் திரும்ப வருகிறது. டெல்டேல் ஒரு கிளைக்குழாய் மட்டுமே. பிளாக்குக்குள் என்ன அழுத்தம் நிற்கிறது என்று அது சொல்லாது. நிப்பிளில் மணல் அடைத்தால் நல்ல எஞ்சினிலும் அது மெலியும்; ஹெட்டில் உப்பு அடைத்த எஞ்சினில் பலமாகவே பீய்ச்சும்.

அழுத்தத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழி தெரியும். அழுத்தம் கூடி வெப்பமும் கூடினால் அடைப்பு மேலே, நீர்ப்பாதையில். அழுத்தம் குறைந்து வெப்பம் ஏறினால் பம்பையும் அதற்கு வரும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். புது இம்பெல்லர் போட்டும் எல்லா வேகத்திலும் குறைவாகவே காட்டுகிறதா? கப் தேய்ந்திருக்கும், அடித்தகட்டில் கோடு விழுந்திருக்கும், முன்பு சூடேறியபோது ஹவுசிங் வளைந்திருக்கும், அல்லது தண்ணீர்க்குழாயின் குரோமெட் கசியும். ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் விழுந்தால் எஞ்சின் உயரம், உறிஞ்சு வலை, பம்புக்குள் நுழையும் புகை என்று தேட வேண்டும். ஐடிலில் மட்டும் குறைந்து எஞ்சின் குளிர்ந்தே கிடந்தால், பாப்பெட் வால்விலோ தெர்மோஸ்டாட்டிலோ மணலோ சிப்பித்துண்டோ சிக்கி அதைத் திறந்தே வைத்திருக்கும். எஞ்சினின் உறிஞ்சு வலையில் காதுமூடி (மஃப்) மாட்டிக் குழாய்த் தண்ணீரில் எடுக்கும் அளவில் குழாயின் அழுத்தமும் கலந்திருக்கும். அதை நம்பக் கூடாது.

இத்தனையும் நமக்குத் தெரியும். 30 பிஎஸ்ஐ கேஜும் கையில் இருக்கிறது. அதில் முள் 6 காட்டினால் அந்த மாடலுக்கு, அந்த ஆர்பிஎம்முக்கு அது சரியா, குறைவா? இந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாததால் மற்ற அறிவெல்லாம் ஊகமாகிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் கெட்ட பழக்கம் வேரூன்றியதும் இதனால்தான். கழற்றினால் எதிரழுத்தம் போய், ஐடிலில் கேஜ் இன்னும் குறைத்துக் காட்டும். அடுத்த மெக்கானிக் நல்ல பம்பைப் பிரிப்பார். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினோ குளிர்ந்துபோய், எண்ணெய் சரியாக ஆவியாகாமல் பிளக்கில் கரி சேர்க்கும்.

அந்த அளவுகள் எஞ்சினை வடிவமைத்தவர்களிடம் இருக்கின்றன. கடற்கரைப் பட்டறைக்கு ஏன் வருவதில்லை? கேட்க வேண்டிய அரசு கேட்காததால். மீனவர் எஞ்சின் வாங்க மானியம் தருகிறார்கள். பொதுப்பணத்தைக் கொடுக்கும் இடத்தில், ஐடிலிலும் நடுவேகத்திலும் முழுவேகத்திலும் இருக்க வேண்டிய அழுத்தம், தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பம், பாப்பெட் திறக்கும் அழுத்தம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் வெளியிடு என்று நிபந்தனை போட என்ன தடை? கிழக்குக் கடலில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, கடலுக்குப் போவது இந்தச் சின்ன எஞ்சின்கள்தான். அவற்றில் ஒன்று கரை தெரியாத தூரத்தில் சூடேறி இறுகினால், ஆபத்தில் இருப்பது மனித உயிர். கைபேசித் திரைக்குக் குறியீடு வகுக்க நேரம் கிடைத்த அதிகாரிகளுக்கு, இந்த எஞ்சின் ஏன் கண்ணில் படவில்லை? மானியப் பட்டியலில் தெரிகிற மீனவர், உரிமைப் பட்டியலில் மட்டும் எப்படி மறைந்துபோகிறார்?

நுகர்வோர் விவகாரத் துறை அவுட்போர்டை ஐந்தாவது துறையாகச் சேர்க்கட்டும். அதற்குக் காத்திராமல் மாநில மீன்வளத் துறை மானிய விதியில் இந்த நிபந்தனையை எழுதட்டும். நாமும் சும்மா இருக்க வேண்டாம். பம்ப் கிட் முழுவதும் மாற்றி, தெர்மோஸ்டாட்டும் பாப்பெட்டும் சரியாக இருக்கும் எஞ்சினைக் கடலில் ஓட்டி, மூன்று வேகத்தில் அழுத்தம் எடுத்து, மாடலோடும் ஆர்பிஎம்மோடும் பட்டறை நோட்டில் எழுதுங்கள். ஒரே மாடலுக்குப் பல பட்டறைகளின் அளவுகள் ஒத்துவந்தால், துறையிடம் கொடுக்கும் மனுவோடு இணைக்க அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.