தையற்கடை நோட்டும் ரூபி நிரலும்

உங்கள் தெருவிலும் ஒரு தையற்கடை இருக்கும். அதன் மேசை இழுப்பறையில் ஓரம் மடங்கிப்போன ஓர் அளவு நோட்டு கிடக்கும். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், மார்பளவு, இடுப்பளவு, கை நீளம், கொடுத்த முன்பணம், நிற்கும் பாக்கி ஆகிய எல்லாம் அந்த நோட்டில்தான். அது தொலைந்தால் கடைக்காரருக்குப் பாதிக் கடை தொலைந்த மாதிரி.

என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு மாணவி. கோடை விடுமுறையில் ரூபி என்ற கணிப்பொறி மொழியைக் கற்றுக்கொண்டாள். கற்றதைக் கொண்டு ஏதாவது செய்ய வேண்டுமே! நேராக எங்கள் தெருத் தையற்கடைக்குப் போனாள்.

"மாமா, உங்க அளவு நோட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரட்டுமா?"

"தாராளமா செய்ம்மா. ஆனா நோட்டு இங்கேயேதான் இருக்கும். வேணும்னா உட்காந்து பாத்து எழுதிக்கோ."

அந்தப் பதிலில் எத்தனை அறிவு இருந்தது என்பது பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவள் எல்லாவற்றையும் ஓர் எளிய உரைக் கோப்பில் வைத்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. வரிக்குள் ஒவ்வொரு விவரத்துக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. அவ்வளவுதான். ரூபி நிரல் கோப்பைத் திறக்கும். வரி வரியாகப் படிக்கும். கோடு வந்த இடங்களில் வரியை வெட்டும். கேட்ட பெயரோ எண்ணோ பொருந்தினால் திரையில் காட்டும். இதற்கு இருபது முப்பது வரி நிரல் போதும். ரூபியை 1993இல் உருவாக்கத் தொடங்கி 1995இல் வெளியிட்டவர் ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமோட்டோ. நிரல் எழுதுபவருக்கு அந்த வேலை மகிழ்ச்சி தரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. இத்தகைய சில்லறை வேலைகளுக்கு ரூபி மிகவும் கைக்கு அடக்கமானது.

"இந்தக் காலத்தில் யாராவது உரைக் கோப்பில் கணக்கு வைப்பார்களா? தரவுத்தளம் என்று ஒன்று இருக்கிறதே!" என்று சிலர் சிரிப்பார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. பள்ளி மாணவர்கள் முதலில் உரைக் கோப்பில்தான் கை நனைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளியது. உரைக் கோப்பில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியும். கோப்பைத் திறந்தால் எந்த வரி கெட்டது, எப்படிக் கெட்டது என்று நீங்களே பார்க்கலாம். நாளை ரூபியே இல்லாமற் போனாலும் அந்தக் கோப்பை வேறு எந்த மொழியாலும் படிக்க முடியும். யூனிக்ஸ் இயங்குமுறை 1970களிலிருந்து தன் பயனாளர் பட்டியலை ஓர் உரைக் கோப்பில்தான் வைத்திருக்கிறது. வரிக்கு ஒருவர், ஏழு விவரங்கள், நடுவே முக்காற்புள்ளி. இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளிலும் அந்தக் கோப்பைக் காணலாம்.

அண்ணன் மகள் முதலில் செங்குத்துக் கோடு போடவில்லை, காற்புள்ளிதான் போட்டாள். முதல் நாளே சிக்கல். '12, மேலத் தெரு' என்று முகவரியிலேயே ஒரு காற்புள்ளி இருந்ததால் நிரல் அதை இரண்டு துண்டாக வெட்டிவிட்டது. அதன் பிறகு வந்த விவரங்கள் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போய், மார்பளவு இடுப்பளவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது! துணியை வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காற்புள்ளிக் கோப்புகளில் இப்படிப்பட்ட விவரத்தை மேற்கோள்குறிக்குள் அடைக்கும் வழக்கம் உண்டு. 2005இல் அதை ஓர் ஆவணமாகவும் எழுதி வைத்தார்கள். ரூபியில் அதற்கென்றே ஆயத்தமான நிரற்பகுதியும் இருக்கிறது. ஆனால் சிக்கலை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குத்தான் அந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

அடுத்தது தொலைபேசி எண். 'எண்' என்று பெயர் இருப்பதாலேயே அதை எண்ணாகக் கருதிவிடுகிறோம். இரண்டு தொலைபேசி எண்களை யாராவது கூட்டுவார்களா? அது எண் போல வேடமிட்ட எழுத்து வரிசை. சென்னையின் குறியீடு 044. அதை எண்ணாக மாற்றச் சொன்னால் ரூபி முன்னால் உள்ள சுழியை விட்டுவிட்டு 44 என்று தரும். நிரலுக்குள்ளேயே 044 என்று எண்ணாக எழுதினாலோ கூத்து இன்னும் பெரியது. சுழியில் தொடங்கும் எண்ணை ரூபி எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். நான்கு எட்டும் நான்கும் சேர்த்து 36 என்று சொல்லும்! மதுரையின் 0452 இதே கணக்கில் 298 ஆகிவிடும். பெங்களூரின் 080ஐ ஏற்கவே மறுத்துவிடும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாதல்லவா? அஞ்சல் குறியீடு, வாடிக்கையாளர் எண் எல்லாம் இதே இனம். எழுத்தாகவே வையுங்கள்.

தமிழில் பெயர் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. 'செல்வி' என்ற பெயரில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். ரூபியிடம் நீளம் கேட்டால் ஆறு என்னும். ச, எகரக் குறி, ல, புள்ளி, வ, இகரக் குறி என்று ஒருங்குறி முறையில் ஆறு குறிகள். கோப்பில் அவை பிடிக்கும் இடமோ, குறிக்கு மூன்று வீதம் 18 பைட். நாம் எண்ணுவதுபோல் மூன்று என்று எண்ணும் வழியும் ரூபியில் இருக்கிறது, தனியாகக் கேட்கவேண்டும். இதைவிட மோசமானது ஒன்று. 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு வேறு வேறு. ஆகவே ஒரு முறையில் பதிந்த 'கோபால்' மற்ற முறையில் தேடினால் அகப்படமாட்டார். சேமிக்கும்போதும் தேடும்போதும் பெயரை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்; அதற்கும் ரூபியில் ஆணை உண்டு. தமிழ் மாணவர்கள் இதை யாரும் சொல்லாமலே அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலப் பெயர்களையே எடுத்துக்காட்டாகத் தரும் பாடநூல்களில் இது வராது.

இனி அந்தப் பத்தாம் நாள் கதைக்கு வருகிறேன். மாலையில் ஒருவரின் பாக்கியைத் திருத்திச் சேமிக்கும் வேளையில் மின்சாரம் போயிற்று. திரும்ப வந்ததும் கோப்பைத் திறந்தால், அதில் ஒரு வரிகூட இல்லை. அளவு: 0 பைட். பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. நடந்தது இதுதான்: எழுதுவதற்காக ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால், ரூபி முதற்காரியமாகப் பழைய உள்ளடக்கம் முழுவதையும் துடைத்துவிடும். புதியதை எழுதுவது அதற்குப் பிறகுதான். துடைத்ததற்கும் எழுதியதற்கும் இடைப்பட்ட அந்தக் கணத்தில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கடைக்காரர் கோபிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "மறுபடி எழுதிக்கோம்மா" என்றார்.

இப்போது அவள் நிரல் பழைய கோப்பைத் தொடுவதில்லை. புதிய பட்டியலை வேறு பெயரில் முழுதும் எழுதி, வட்டில் பதிந்துவிட்டதை உறுதிசெய்தபின் அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. பெயர் மாற்றம் ஒரே செயலாக நடப்பதால் எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் ஏதேனும் ஒரு முழுக் கோப்பு மிஞ்சும். முந்தைய நாட்களின் பிரதிகளையும் தேதியிட்டு வைக்கிறாள்.

உரைக் கோப்பை மட்டும் குறை சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டிருந்தது தெரியவந்தது. ஆய்வகங்களிலிருந்து முடிவுகள் உரைக் கோப்புகளாக வந்தன. அவற்றில் எல்லாரும் இருந்தார்கள். அவற்றை ஏற்றிக்கொண்ட எக்செல் தாளோ பழைய வகை. 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாது. மீதி வழிந்து போயிற்று. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதமாயிற்று. உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணி ஒப்பிட நிரலில் இரண்டு வரி போதுமே!

உரைக் கோப்புக்கும் எல்லை உண்டு, மறைக்கவில்லை. நான்கு பேர் நான்கு கணிப்பொறியில் ஒரே சமயம் திருத்தினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். பட்டியல் லட்சக் கணக்கில் வளர்ந்தால், ஒரு பாக்கியைத் திருத்த முழுக் கோப்பையும் திரும்ப எழுதுவது வீண் வேலை. அப்போது எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்துக்குப் போய்விடுங்கள். 2000இல் வெளிவந்த அதுவும் தன் விவரம் முழுவதையும் ஒரே கோப்பில் வைப்பதுதான், ரூபியோடும் நன்றாக ஒத்துப்போகும். ஆனால் தெருக்கடையின் இரண்டாயிரம் வாடிக்கையாளருக்கு வரிக்கு 300 பைட் வைத்தாலும் மொத்தம் ஆறு லட்சம் பைட்தான். சாதாரணக் கணிப்பொறி கண் இமைப்பதற்குள் படித்துவிடும்.

இன்னொரு குறை எனக்கு உண்மையாகவே கவலை தருவது. உரைக் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். ஒரு பெண்ணின் உடலளவும் தொலைபேசி எண்ணும் ஒரே வரியில் இருக்கின்றன. அவர் அதைக் கொடுத்தது ரவிக்கை தைக்க மட்டுமே. அண்ணன் மகள் ஆசைப்பட்டுப் பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கும்படி நிரல் எழுதியிருந்தாள். "எதுக்கும்மா இது? எனக்கு வேண்டாம்" என்று கடைக்காரர் ஒரே சொல்லில் எடுக்கச் சொல்லிவிட்டார். மக்களின் சொந்த விவரங்களைக் காக்க இந்தியாவில் 2023இல் சட்டம் வந்தது. தேவைக்கு மேல் கேட்காதே என்ற இதே எண்ணம் அதிலும் இருக்கிறது. கடைக் கணிப்பொறிக்குக் கடவுச்சொல் வைத்ததும், பிரதி எடுத்த பென் டிரைவைப் பூட்டி வைத்ததும் அதன் பிறகுதான்.

போன வாரம் கடைக்காரர் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார். நோட்டின் ஓரத்தில் அவர் கிறுக்கி வைக்கும் குறிப்புகளுக்கு நிரலில் இடமே இல்லையாம். 'இடது தோள் சற்றுத் தாழ்வு', 'கை தளர்வாக வேண்டும்', 'பாக்கியை மகன் தருவார்' என்பவை போன்ற குறிப்புகள். அவற்றில் காற்புள்ளி வரும், மேற்கோள்குறி வரும், சிலவற்றில் இரண்டு மூன்று வரிகூட வரும். வரிக்கு ஒருவர் என்ற ஏற்பாடே அங்கே ஆட்டம் காண்கிறது. அண்ணன் மகள் அதற்குத்தான் இப்போது தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறாள்.